கேட்டலும் கதவு திறத்தலும்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கிரேக்க வினைச்சொல். அக்கூவோ என்பது அந்தச் சொல். ‘கேட்கிறேன்’ என்று பொருள். புதிய ஏற்பாட்டில் இது ஏறத்தாழ 430 இடங்களில் வருகிறது. இதற்கு ஒரு குடும்பமே உண்டு. அக்கொயே என்றால் கேள்வி, செவி, கேள்விப்பட்ட செய்தி. ஹுப்பக்கூவோ என்றால் செவிகொடுத்தல், கீழ்ப்படிதல். பரக்கொயே என்றால் கேளாமை, கீழ்ப்படியாமை. எல்லாம் காதிலிருந்து பிறந்த சொற்கள்.

இந்தக் குடும்பத்தை வைத்துப் பிரசங்க மேடைகளிலும் வேதபாட வகுப்புகளிலும் அடிக்கடி சொல்லப்படும் செய்திகள் சில உண்டு. அவற்றில் இரண்டை முதலில் சோதித்துப் பார்ப்போம். தேறாதவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது என்ன என்பதைப் பிறகு பேசலாம்.

1. தமஸ்கு சாலையும் ஆறாம் வேற்றுமையும்

பவுல் தமஸ்குவுக்குப் போகும் வழியில் ஒளியைக் கண்டு விழுந்த நிகழ்ச்சியை அப்போஸ்தலர் நடபடிகள் மூன்று முறை சொல்கிறது. 9ஆம் அதிகாரத்தில் ஆசிரியர் லூக்காவே சொல்கிறார். 22, 26ஆம் அதிகாரங்களில் பவுல் தம் வாயால் சொல்கிறார். உடன் வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள் என்கிறது 9:7. அவர்கள் கேட்கவில்லை என்கிறது 22:9. இரண்டு இடத்திலும் வினை அக்கூவோதான். முரண்பாடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

இதைத் தீர்க்க இலக்கணக்காரர்கள் வேற்றுமையைப் பிடித்தார்கள். அக்கூவோ என்ற வினை இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும், ஆறாம் வேற்றுமையையும் ஏற்கும். 9:7இல் ‘சத்தம்’ என்ற சொல் ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது. 22:9இல் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. ஆகவே ஆறாம் வேற்றுமை வந்தால் வெறும் ஓசை காதில் விழுந்தது என்று பொருள். இரண்டாம் வேற்றுமை வந்தால் பொருளோடு விளங்கியது என்று பொருள். உடன் வந்தவர்கள் ஓசையைக் கேட்டார்கள், சொல்லை விளங்கிக்கொள்ளவில்லை. முடிந்தது சிக்கல். 1906இல் மோல்ட்டனும் 1914இல் ராபர்ட்சனும் தங்கள் பெரிய இலக்கண நூல்களில் இந்த வேறுபாட்டுக்கு ஆதரவாக நின்றார்கள். இன்றும் ஆங்கிலத்தில் நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் போன்ற மொழிபெயர்ப்புகள் 22:9இல் ‘விளங்கிக்கொள்ளவில்லை’ என்ற கருத்தில்தான் எழுதுகின்றன.

அழகான தீர்வு. ஆனால் அதே அதிகாரங்களில் இரண்டு மூன்று வரி மேலே போய்ப் பாருங்கள். 9:4இல் பவுல் குரலைக் கேட்கிறார். அங்கே இரண்டாம் வேற்றுமை. 22:7இல் அதே பவுல், அதே குரலை, அதே சாலையில் கேட்கிறார். அங்கே ஆறாம் வேற்றுமை. இரண்டு இடத்திலும் பவுலுக்குச் சொல் நன்றாக விளங்கியிருக்கிறது. பதில் சொல்லி உரையாடவே செய்கிறார். 26:14இல் மறுபடியும் இரண்டாம் வேற்றுமை. லூக்கா இந்த விதியை அறிந்து எழுதியிருந்தால் 22:7இல் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

லூக்காவுக்கு வெளியே போனால் விதி இன்னும் மோசமாக உடைகிறது. யோவான் 10:27இல் ஆடுகள் மேய்ப்பனின் குரலைக் கேட்டு அவர் பின்னே போகின்றன. அங்கே ஆறாம் வேற்றுமை. பின்னால் போகும் ஆடுகள் வெறும் ஓசையை மட்டும் கேட்டன என்று யாரும் சொல்லப் போவதில்லை. ராபர்ட் பிராட்சர் 9:7, 22:9 ஆகிய இரண்டு வசனங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, வேற்றுமை இந்தச் சுமையைத் தாங்காது என்று காட்டினார். 1996இல் வந்த டேனியல் வாலஸின் இலக்கணமும் அதே முடிவுக்குத்தான் வந்தது.

22:9இல் ‘விளங்கவில்லை’ என்ற பொருள் தவறு என்று நான் சொல்லவில்லை. லூக்கா ஒரே நூலில் தம்மையே மறுத்திருக்க வாய்ப்புக் குறைவு. கேட்டும் விளங்காத நிலையைத்தான் அவர் நினைத்திருக்கலாம். அந்தப் பொருள் கதையின் போக்கிலிருந்து கிடைக்கிறது. வேற்றுமை உருபு அதைத் தரவில்லை.

2. கண் கிரேக்கனுக்கு, காது எபிரெயனுக்கா?

அடுத்த செய்தி இன்னும் கவர்ச்சியானது. கிரேக்கர்கள் பார்த்தவர்கள், எபிரெயர்கள் கேட்டவர்கள். ஒருவருக்குக் கண், மற்றவருக்குக் காது. இதைப் பெரிதாக வளர்த்து 1952இல் தோர்லெய்ஃப் போமன் ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்பே, 1933இல் வெளிவந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டு இறையியல் அகராதியின் முதல் தொகுதியில், அக்கூவோ பற்றிய கட்டுரையில் தொகுப்பாசிரியர் கெர்ஹார்ட் கிட்டல் இந்த எதிர்நிலையை வைத்திருந்தார். எபிரெயக் காதுக்கு இவ்வளவு பெருமை சேர்த்த கிட்டல், அதே 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யூதர்களின் உரிமைகளைப் பறிக்கச் சொல்லும் உரையையும் அச்சிட்டார். ஒரு மக்களின் மொழியைப் புகழ்வதும் அந்த மக்களை மதிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

கருத்தளவிலும் இது நிற்காது. 1961இல் ஜேம்ஸ் பார், ‘விவிலிய மொழியின் பொருளியல்’ என்று நாம் சொல்லத்தக்க நூலில் போமனையும் அந்த அகராதியின் முறையையும் துணி துவைப்பதுபோல் அடித்துப் பிழிந்தார். ஒரு மொழியின் சொல்லமைப்பிலிருந்து அந்த இனத்தின் மனத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் வாதம்.

சான்றுகளைப் பாருங்கள். பித்தகோரஸின் மாணவர்களில் ஒரு பிரிவினருக்கே ‘கேட்பவர்கள்’ என்று பெயர், அக்கூஸ்மத்திக்கோய் என்பார்கள். அரிஸ்டாட்டில் ஓரிடத்தில் பார்வையைப் புகழ்ந்தாலும், புலன்களைப் பற்றிய சிறு நூலில் அறிவு வளர்வதற்குக் கேள்வியே அதிகம் உதவுகிறது என்கிறார். பவுலுக்கு அடுத்த தலைமுறையில் வாழ்ந்த புளூட்டார்க், சொற்பொழிவைக் கேட்பது எப்படி என்று ஒரு கட்டுரையே எழுதினார். அதன் கிரேக்கத் தலைப்பில் நம் வினைச்சொல்தான் இருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்காருவோர், காலை மாற்றி மாற்றிப் போடுவோர், பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்போர், கொட்டாவி விடுவோர் எல்லாருக்கும் அதில் ஒரு குட்டு உண்டு. இந்த அவையில் அப்படி யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுபக்கம், இஸ்ரவேலரைக் கேளுங்கள் என்று அழைக்கும் உபாகமம் 6ஆம் அதிகாரம், நான்கைந்து வசனங்களுக்குள்ளேயே அந்த வார்த்தைகளைக் கையில் கட்டச் சொல்கிறது, கண்களுக்கு நடுவே வைக்கச் சொல்கிறது, வீட்டு நிலைக்கால்களில் எழுதச் சொல்கிறது. காதுக்கும் கண்ணுக்கும் அங்கே சண்டை இல்லை.

3. சவுல் கேட்ட மூன்று குரல்கள்

அப்படியானால் விவிலியக் கேட்டலில் தனித்தன்மை எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது கிரேக்க மூளையிலோ எபிரெய மூளையிலோ இல்லை; ஒரு மொழிபெயர்ப்பின் வரலாற்றில் இருக்கிறது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று நாம் அதைச் சொல்கிறோம். எபிரெயத்தில் கேட்டலுக்கு ஷாமா என்று சொல். கீழ்ப்படிதலுக்குத் தனியாகப் பொதுச்சொல் எபிரெயத்தில் கிடையாது. ‘ஒருவர் குரலைக் கேட்டல்’ என்பதே அந்தப் பொருளைத் தரும். தமிழருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. ‘பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா?’ என்று நாம் விசாரிக்கும்போது அவன் காது நன்றாக இருக்கிறதா என்றா விசாரிக்கிறோம்?

மொழிபெயர்த்தவர்கள் ஷாமாவுக்குப் பெரும்பாலும் அக்கூவோவையே வைத்தார்கள். ‘குரலைக் கேட்டல்’ என்ற எபிரெய வழக்கை அப்படியே, ஆறாம் வேற்றுமையோடு, கிரேக்கத்தில் இறக்கினார்கள். இங்கே சற்று நிற்க வேண்டும். வெறும் ஓசையைக் குறிப்பதாகச் சொன்ன அந்த ஆறாம் வேற்றுமைதான், பழைய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் வழக்கமான வடிவம். விதி தலைகீழாகிவிட்டது.

இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே அதிகாரத்தில் பார்த்துவிடலாம். 1 சாமுவேல் 15. கர்த்தருடைய சத்தத்தைக் கேள் என்று தீர்க்கதரிசி சாமுவேல் அரசன் சவுலுக்குச் சொல்வதில் அதிகாரம் தொடங்குகிறது. அமலேக்கியரின் ஆடுமாடுகளில் ஒன்றையும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது கட்டளை. சவுல் போரில் வெல்கிறான், கொழுத்தவற்றை வைத்துக்கொள்கிறான். சாமுவேல் வந்ததும், கர்த்தர் சொன்னதை நிறைவேற்றிவிட்டேன் என்று முந்திக்கொள்கிறான். அப்போது சாமுவேல் கேட்கும் கேள்வியில் நகைச்சுவையும் இடியும் ஒன்றாக இருக்கின்றன: அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆடுகளின் சத்தம் என்ன? நான் கேட்கும் இந்த மாடுகளின் சத்தம் என்ன?

முதல் வசனத்தில் கர்த்தருடைய குரலுக்கு வந்த அதே எபிரெயச் சொல்தான் இங்கே ஆட்டின் கத்தலுக்கும் வருகிறது. அதே ஷாமா வினைதான் இங்கும் வருகிறது. பிறகு சவுல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது, மக்களுக்குப் பயந்து அவர்கள் குரலைக் கேட்டேன் என்கிறான். மூன்றாவது குரல். கர்த்தரின் குரல், மக்களின் குரல், மந்தையின் குரல். சவுலின் செவியில் குறை எதுவும் இல்லை, மூன்றும் விழுந்தன. எதற்கு அவன் கை நகர்ந்தது என்பதுதான் கேள்வி. நடுவில், பலியைவிடக் கேட்டல் மேல் என்ற சாமுவேலின் தீர்ப்பு வருகிறது. எழுபதின்மர் அங்கே அக்கொயே என்று எழுதினார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் கீழ்ப்படிதல் என்று இருக்கிறது. பொருள் சரி. ஆனால் ஆடு மாடுகளின் சத்தத்தோடு அந்தத் தீர்ப்புக்கு இருந்த தொடர்பு நம் காதுக்கு எட்டாமல் போயிற்று.

இதுபோல இன்னொரு இழப்பும் உண்டு. 1 இராஜாக்கள் 3:9இல் இளம் சாலொமோன் கேட்டுவாங்கும் வரம், எபிரெயத்தின்படி ‘கேட்கிற இருதயம்’. தமிழில் அது ஞானமுள்ள இருதயம் ஆகிவிட்டது. அதே அதிகாரத்தின் முடிவில் ஒரு குழந்தைக்காக வழக்காடும் இரண்டு பெண்களின் பேச்சைச் சாலொமோன் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் காட்சி வருகிறது. கேட்கும் இருதயம் என்றால் என்ன என்பதற்கு அந்த வழக்கே விளக்கவுரை.

4. வாசற்காவலனின் சொல்

இனி, கீழ்ப்படிதல் என்று நாம் மொழிபெயர்க்கும் ஹுப்பக்கூவோவுக்கு வருவோம். ‘ஹுப்போ’ என்றால் கீழே. ஆகவே இது ‘கீழே நின்று கேட்டல்’, அடிமையின் கேட்டல் என்று சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வார்கள். சொல்லின் பகுதிகளைக் கூட்டினால் பொருள் வந்துவிடாது என்பது பார் கொடுத்த எச்சரிக்கைகளில் ஒன்று. இந்தச் சொல்லைக் கிரேக்கர்கள் தினசரி வாழ்வில் எங்கே பயன்படுத்தினார்கள் என்று பார்ப்பதே நேர்வழி.

பிளேட்டோவின் ஃபைதோன் என்ற உரையாடலில் சாக்ரடீஸ் சாகும் நாள் காலையில் நண்பர்கள் சிறைக்கு வருகிறார்கள். வழக்கமாகத் தங்களுக்குக் கதவு திறக்கும் காவலன் வெளியே வந்து, சற்றுப் பொறுங்கள் என்கிறான். ‘கதவு தட்டினால் வந்து கேட்பவன்’ என்ற அவன் வேலையைக் குறிக்கும் வினை ஹுப்பக்கூவோ. செனோபன் எழுதிய விருந்து என்ற நூலில் பிலிப்போஸ் என்னும் கோமாளி கதவைத் தட்டுகிறான். உள்ளிருந்து வந்து கேட்ட வேலையாளிடம் பேசுகிறான். அங்கும் இதே வினை. யாரோ தட்டுகிறார்கள், நீங்கள் எழுந்து போய் யார் என்று கேட்டுத் திறக்கிறீர்கள். அந்தச் செயல் முழுவதற்கும் ஒரே சொல்.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பழைய பொருள் ஒரே ஓர் இடத்தில் பிழைத்திருக்கிறது. அப்போஸ்தலர் 12:13. ஏரோது அகிரிப்பா பேதுருவைச் சிறையில் போட்டிருக்கிறான். இரவில் விடுவிக்கப்பட்ட பேதுரு, மாற்கு என்னும் யோவானின் தாய் மரியாளின் வீட்டுக்கு வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். உள்ளே பலர் கூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோதை என்ற பணிப்பெண் ‘ஹுப்பக்கூசாய்’, அதாவது யார் என்று கேட்க வருகிறாள். தமிழ் வேதாகமம் இதை ஒற்றுக்கேட்க வந்தாள் என்கிறது. அந்தச் சொல்லில் இன்று ஒளிந்து கேட்கும் வாடை அடிக்கிறது. ரோதை செய்தது வாசலுக்குப் போன வேலைதான்.

பேதுருவின் குரலை அவள் அடையாளம் கண்டுகொள்கிறாள். சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உனக்குப் பைத்தியமா என்கிறார்கள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள். அவள் சாதிக்கவே, அது அவருடைய தூதனாக இருக்கும் என்கிறார்கள். பேதுரு வெளியே தட்டிக்கொண்டே நிற்கிறார். இந்தக் காட்சியை லூக்கா சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்க வேண்டும். அவள் கேட்டாள், திறக்கவில்லை. அவர்கள் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. சிறையின் இரும்புக் கதவு தானாகத் திறந்தது. ஜெபவீட்டின் கதவு திறக்க நேரமாயிற்று.

பவுல் ரோமருக்கு எழுதும்போது ‘விசுவாசத்தின் ஹுப்பக்கொயே’ என்கிறார் (1:5). அங்கே இந்தச் சொல் வாசலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. கீழ்ப்படிதல் என்பதே அதன் நேர்ப்பொருள். ரோதையின் கதவை அந்த வசனத்துக்குள் கொண்டுபோய் வைக்க நான் முயலவில்லை. ஆனால் கீழ்ப்படிதல் என்ற சொல் அடிமைக் கொட்டடியில் மட்டும் பிறந்ததில்லை, வரவேற்கும் வாசலிலும் புழங்கியது என்று தெரிந்துகொள்வது, அந்தச் சொல்லை அதிகாரத்தின் தடியாக மட்டும் தூக்குபவர்களுக்குப் பதிலாக இருக்கும்.

5. மாற்கின் நான்காம் அதிகாரம்

கேட்டலைப் பற்றி இயேசு நேரடியாகப் பேசும் இடம் விதைப்பவன் உவமை. மாற்கு 4ஆம் அதிகாரத்தில், உவமைகள் பேசப்படும் 3 முதல் 33 வரையுள்ள வசனங்களில், அக்கூவோ 13 முறை வருகிறது. ‘கேளுங்கள்’ என்ற கட்டளையோடு உவமையைத் தொடங்குவது மாற்கு மட்டுமே. முதன்மையான கட்டளை எது என்ற கேள்விக்கு இயேசு பதில் சொல்லும்போது, இஸ்ரவேலே கேள் என்ற அழைப்பிலிருந்து தொடங்குவதும் மாற்கு மட்டுமே (12:29). மத்தேயுவும் லூக்காவும் அந்த வரியை விட்டுவிட்டார்கள். யூதர்கள் காலையும் மாலையும் ஓதும் ஷெமா அது. மாற்கின் செவிக்கு அது நெருக்கமாக இருந்திருக்கிறது.

நான்கு நிலங்களும் கேட்கின்றன என்பதே இந்த உவமையின் கூர்மை. வழியோரமும் கேட்கிறது, பாறையும் கேட்கிறது, முள்ளும் கேட்கிறது. கேட்காத நிலம் என்று ஒன்று இல்லை. வேறுபாடு பின்னால் நடப்பதில் இருக்கிறது: ஒன்றில் பறவை வந்து எடுத்துப்போகிறது, ஒன்று வெயிலில் வாடுகிறது, ஒன்று நெருக்கப்படுகிறது, ஒன்று ஏற்றுக்கொண்டு பலன் தருகிறது. உவமை முடிந்ததும் ‘எதைக் கேட்கிறீர்கள் என்று கவனியுங்கள்’ என்ற எச்சரிக்கை வருகிறது (4:24). லூக்கா அதை எழுதும்போது ஒரு சொல்லை மாற்றுகிறார்: ‘எப்படிக் கேட்கிறீர்கள்’ என்று கவனியுங்கள் (8:18). ஒருவர் பொருளைச் சோதிக்கச் சொல்கிறார், மற்றவர் செவியைச் சோதிக்கச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடும் நமக்கு இரண்டுமே தேவை.

6. ‘கேள்வி’ என்ற தமிழ்ச் சொல்

தமிழ் வேதாகமத்தின் ஓர் இடத்தை நான் இங்கே பாராட்டியாக வேண்டும். ரோமர் 10ஆம் அதிகாரத்தில் 14 முதல் 18 வரை பவுல் காதுச் சொற்களை அடுக்கிக்கொண்டே போகிறார். கேள்விப்படாதவரை எப்படி விசுவாசிப்பார்கள் என்கிறார். எல்லாரும் செவிகொடுக்கவில்லை என்கிறார். எங்கள் செய்தியை நம்பியவன் யார் என்ற ஏசாயாவை இழுக்கிறார். விசுவாசம் அக்கொயேயினால் வரும் என்று முடிக்கிறார். அக்கொயே இங்கே கேட்கும் செயலா, கேட்கப்பட்ட செய்தியா என்று உரையாசிரியர்கள் வாதிடுகிறார்கள்.

1715இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலிருந்து நீண்ட திருத்த மரபு ஒன்று உண்டு. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்ததே இன்று நாம் படிக்கும் பழைய திருப்புதல். அது இந்த 17ஆம் வசனத்தில் ‘கேள்வி’ என்று எழுதுகிறது. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பான அதே சொல். படிக்காதவனும் கேட்டறிய வேண்டும் என்று வள்ளுவர் அங்கே சொல்கிறார். கேட்கும் செயல், கேட்டுப் பெற்ற அறிவு இரண்டையும் ஒருசேரச் சுமக்கும் சொல் அது. உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக வாதிட்டதைத் தமிழ் ஒரே சொல்லில் தாங்கிக்கொண்டது.

ஆனால் இன்றைய இளைஞருக்குக் கேள்வி என்றால் வினா. விசுவாசம் கேள்வி கேட்பதால் வரும் என்று அவர் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த இடத்தில் சொல்லை மாற்ற வேண்டும் என்பது சிலர் கருத்து. என் கருத்து வேறு: சொல்லை வைத்துக்கொண்டு வள்ளுவரின் அந்த அதிகாரத்தைச் சபையில் சொல்லிக்கொடுங்கள்.

முடிவாக என் தீர்ப்பு இது. அக்கூவோவின் பொருள் வேற்றுமை உருபிலும் இல்லை, வேர்ச்சொல்லிலும் இல்லை, இனங்களின் மனப்பாங்கிலும் இல்லை. குரல் எழுந்த பிறகு கேட்டவர் என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. அதைக் காட்டுவது முழு வாக்கியம். பல நேரங்களில் முழு அதிகாரம்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நூல்கள் தனியறையில் மௌனமாகப் படிக்க எழுதப்பட்டவை அல்ல. வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் (1:3) வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கும்படி பவுல் சொல்லி அனுப்புகிறார். நீங்களும் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் அதிகாரம் முழுவதையும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். 1 சாமுவேல் 15இல் தொடங்குங்கள். ஆடுகள் கத்துவது உங்கள் காதில் விழுந்த பிறகு அகராதிக்குப் போங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.